லாபம், ரெண்டு, மூணு

என் மகள் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போகிறாள். டிக்கெட் மலிவு. மலிவு என்றால் அதற்கென்று ஒரு வில்லங்கம் இருக்கும். இதில் உள்ள வில்லங்கம், வழியில் வியன்னா விமான நிலையத்தில் ஓர் இரவைக் கழிக்க வேண்டும் என்பது. மாலையில் இறங்கினால் அடுத்த விமானம் மறுநாள் காலையில்தான். நிலையத்துக்குள்ளேயே நாற்காலியில் படுப்பதா, பக்கத்து ஹோட்டலில் அறை எடுப்பதா, பிள்ளைகளை நகருக்குள் அழைத்துப்போய் எதையாவது காட்டிவிட்டுத் திரும்புவதா என்று எங்கள் ஈப்போ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரமாக ஆலோசனை நடக்கிறது. மகளும் மருமகனும் ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொரு யோசனையைக் கண்டுபிடிக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் எதிர்க்கிறேன்.

எனக்குக் கணக்கு முக்கியம். பெரியவர்கள் இரண்டு, பிள்ளைகள் இரண்டு, பெட்டிகள் மூன்று, தள்ளுவண்டி ஒன்று, ஆக எட்டு. இரவில் எத்தனை முறை இடம் மாறினாலும் காலையில் அது எட்டாகவே இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் மகள் சிரித்துவிட்டாள்.

"ப்பா, அது ஏர்போர்ட்டுப்பா. காடு இல்லலா."

"காடா இருந்தா எனக்கு இவ்ளோ பயமில்ல."

"சரி, எங்க போனாலும் வந்தாலும் தலைய எண்ணிக்கிறோம். போதுமா?"

"எப்படி எண்ணுவ?"

"இது என்னா கேள்வி? ஒன்னு, ரெண்டுன்னுதான்."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "ஒன்னுன்னே ஆரம்பி. வேற எதையும் சொல்லி ஆரம்பிக்காத" என்றேன். மருமகன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார். அவர் நினைப்பதும் சரிதான். ஆனால் நான் அதைச் சொன்னதற்குக் காரணம் வயது இல்லை. அப்படிப்பட்ட ஓர் இரவை நான் சின்னப் பையனாக இருந்தபோதே ஒரு தரம் கழித்திருக்கிறேன். உண்மையில் இரண்டு தரம். ஒன்று ஒத்திகை, மற்றொன்று நிஜம்.

அப்போது நாங்கள் சிலிம் ரிவர் என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்து மருத்துவமனையில் டிரெசருக்கு, அதாவது மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிறவருக்கு, உதவியாளராக இருந்தவர். இங்கிலாந்தில் தாதியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்து, யாரும் எதிர்பாராதபடி இடம் கிடைத்துப் போய்விட்டார். அங்கே ஒரு மனநல மருத்துவமனையில் வேலையும் படிப்பும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு குடும்பத்தோடு தங்குவதற்கு வீடு தருவதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டுக் கடைசிக்குள் நாங்கள் போய்ச் சேராவிட்டால் வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

போக வேண்டியவர்கள் நான்கு பேர். அம்மா, அக்கா, நான், தம்பி. அக்காவுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு, தம்பிக்கு ஐந்து.

அம்மா போக மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கக் கிளம்பும் நாளில் தம்பிக்குச் சளி பிடிக்கும். சளி இல்லாத நாளில் ஏதாவது விரதமாக இருக்கும். இப்படியே மழைக்காலம் வந்துவிட்டது. கடைசியில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நேரடியாகக் கேட்டுவிட்டார்.

"என்னாதான்க்கா ஒனக்குப் பிரச்சனை? மச்சான் அங்க தனியா பீன்ஸ தின்னுக்கிட்டு கெடக்குறாரு."

அம்மா வெகுநேரம் அரிசியைப் புடைத்துவிட்டு, "நடுவுல ஒரு ராத்திரி தங்கணும்ங்கிறியே, அதான் பயமா இருக்கு" என்றார்.

அந்தக் காலத்து மலிவு டிக்கெட்டிலும் இதே வில்லங்கம்தான். பிரசல்ஸ் என்ற ஊரில் மாலையில் இறக்கிவிடுவார்கள். காலையில் வேறொரு சின்ன விமானம். ஹோட்டலுக்கெல்லாம் நாங்கள் ஆளில்லை. நிலையத்தில் நாற்காலிகளில்தான் இருந்தாக வேண்டும். மாமா அந்த ஊரின் பெயரை மூன்று விதமாகச் சொல்லுவார். மூன்றும் தவறு என்று பிற்பாடு தெரிந்தது.

மாமா தோட்டத்து ஸ்டோரில் அரிசி அளக்கும் வேலையில் இருந்தார். பினாங்குக்கு அப்பால் எங்கும் போனதில்லை. ஆனால் ஒரு சிக்கலை அவரிடம் கொடுத்துவிட்டால் தீர்க்காமல் விட மாட்டார். தன் அக்காவுக்கு அந்த ஓர் இரவுதான் பயம் என்றால் அந்த இரவை இங்கேயே பழக்கிவிட்டால் போயிற்று என்று முடிவுசெய்தார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் வீட்டை விட்டு வெளியே, பெஞ்சுகளில், பயண உடையில், பெட்டிகளோடு ஓர் இரவைக் கழிக்க வேண்டும். இதற்கு 'டிரான்சிட்' என்று பெயர் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

இடத்தையும் அவரே தேர்ந்தெடுத்தார். ஆயாக் கொட்டாய். ரப்பர்ப் பால் வெட்டப் போகும் பெண்கள் விடியுமுன்னே கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுப் போகும் கொட்டகை அது. ஆயாம்மா ஒருவர் பார்த்துக்கொள்வார். நீளமான கூடம், தகரக் கூரை, சுவரோரம் பெஞ்சுகள், தனியாகக் கழிப்பறை. "ஏர்போர்ட்டுன்னா இதே மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் பெருசா" என்றார் மாமா.

"அங்க வேணாம்" என்றார் அம்மா.

"ஏன்?"

அம்மா ஏதோ சொல்ல வந்து என்னையும் அக்காவையும் பார்த்தார். பிறகு, "ஒன்னுமில்ல. சரி" என்று சொல்லிவிட்டார்.

மாமாவின் ஏற்பாடுகளில் தலையாயது எண்ணிக்கை. வெளியூரில், அதுவும் இரவில், பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இது எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இருட்டில் ஒரு பெயரைச் சொன்னால் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு பிற்பாடு அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடியவை உண்டு. ஆகவே எங்கள் மூவருக்கும் எண்கள். அவர் "எண்ணு!" என்று சொன்னவுடன் வரிசையாக அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் மாமாவின் தொழில் குறுக்கே வந்தது. அரிசியோ நெல்லோ அளக்கிறவர்கள் முதல் படியை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணிக்கை போகும். மாமா ஆடுமாடுகளையும் அப்படித்தான் எண்ணுவார், பந்தியில் இலைகளையும் அப்படித்தான் எண்ணுவார். ஒன்று என்ற சொல்லையே அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டதில்லை. அதனால் அக்கா 'லாபம்' ஆனாள். நான் 'ரெண்டு'. தம்பி 'மூணு'.

அக்காவுக்கு இதில் பெருமை தாங்கவில்லை. "நான் லாபம், நீ ரெண்டு, ஞாபகம் வச்சிக்க. தூங்கிக்கிட்டு சொல்லாம இருந்தன்னா உன்ன வெள்ளக்காரன்கிட்ட குடுத்துட்டுப் போயிருவோம்" என்று ஒரு வாரம் என்னை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஊர்வலமாகப் போனோம். பெட்டி ஒன்று, சாரோங்கில் கட்டிய மூட்டைகள் இரண்டு, பிஸ்கட் டின், மைலோ நிரப்பிய பிளாஸ்க். அம்மா கல்யாணத்துக்குப் போவதுபோல் புடவை கட்டியிருந்தார். லயத்தின் வரிசை வீடுகளில் எல்லாரும் வாசலுக்கு வந்து எங்களை வழியனுப்பினார்கள். "போய்ட்டு காயிதம் போடுங்க" என்று ஒருவர் கத்தினார்.

கொட்டாயில் மாமா பெஞ்சுகளை வளைத்துப் போட்டு நடுவில் எங்களை உட்கார வைத்தார். காகிதத்தைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விமான அறிவிப்புகள் செய்தார். பிறகு தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு அதிகாரியாக மாறி அம்மாவின் முன்னால் நின்றார்.

"அக்கா, இப்ப நான் வெள்ளக்காரன். வந்து நிக்கிறேன். என்னா சொல்லுவ?"

"சாப்ட்டியான்னு கேப்பேன்."

தம்பி சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து விழுந்தான். நாங்கள் அந்த மாலையில் மிகவும் சந்தோஷமாக இருந்தோம். அம்மாவைத் தவிர. அம்மா கூரையின் குறுக்குச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில்தான் குழந்தைகளுக்கான தொட்டில்கள் தொங்கும். சாரோங் துணியில் கட்டியவை. இரவில் ஆயாம்மா அவற்றைச் சுருட்டிச் சட்டத்தின் மேல் போட்டுவிட்டுப் போவார். வழக்கம்போல் நான் அவற்றை எண்ணினேன். ஏழு. ஆறு மேலே சுருட்டிக் கிடந்தன. ஒன்று மட்டும் சுருட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிச்சம் இருந்தவரை எண்ணிக்கை ஒழுங்காக நடந்தது. மாமா "எண்ணு!" என்பார். லாபம், ரெண்டு, மூணு. மாமா விசில் அடிப்பார். அம்மாவின் சேலை முந்தானையில் ஒரு முனையை என் கையிலும் மறுமுனையைத் தம்பியின் கையிலும் கட்டினார்கள். படுத்தோம்.

தோட்டத்தில் மின்சாரம் இயந்திரத்தில் ஓடுவது. குறிப்பிட்ட நேரத்துக்குமேல் நிறுத்திவிடுவார்கள். அன்றும் தூரத்தில் அந்த உறுமல் தேய்ந்து தேய்ந்து நின்றது. பல்பின் கம்பி சிவந்து அணைந்தது. அதற்கப்புறம் வந்த அமைதியை நான் வீட்டில் அறிந்ததில்லை. வீட்டில் யாராவது இருமுவார்கள். இங்கே ரப்பர்க் காய்கள் வெடித்து விதைகள் தகரத்தில் விழும் சத்தம் மட்டும். டக். வெகுநேரம் கழித்து மறுபடி டக். கூடத்தில் நாள்பட்ட பாலின் புளித்த வாடை இருந்தது. மாமா டார்ச் விளக்கோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

கண் சொருகும்போது மாமாவின் குரல் வந்தது. "எண்ணு!"

"லாபம்" என்றாள் அக்கா.

"ஒன்னு."

"ரெண்டு" என்றேன் நான், வரிசையில் வருகிறதே என்று.

"மூணு" என்றான் தம்பி.

விசில் வரவில்லை. மாமா டார்ச்சைக் கையில் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொரு தடவ" என்றார்.

லாபம். ஒன்னு. ரெண்டு. மூணு.

இந்தத் தடவை கவனித்தேன். அந்தக் குரல் அக்காவுக்கும் எனக்கும் நடுவிலிருந்து வந்தது. நடுவில் எதுவும் இல்லை. சின்னக் குரல். சொல்லைப் பழகாத வாயிலிருந்து வந்ததுபோல் இருந்தது, இன்னும் பேச வராத பிள்ளைக்கு யாரோ சொல்லிக்கொடுத்து அது திருப்பிச் சொல்வதைப் போல. அதில் குறும்பு இல்லை. பயமுறுத்தும் எண்ணமும் இல்லை. தன்னுடைய முறை வந்ததும் தன் எண்ணைச் சொன்னது, அவ்வளவுதான்.

டார்ச் வெளிச்சம் எங்கள் மேல் விழுந்தது. மூன்று பிள்ளைகள். அக்காவுக்கு அந்தப் பக்கம் அம்மா, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண்கள் திறந்திருந்தன.

"யாருடா வெளாடுறது?" மாமாவின் குரல் நன்றாக இல்லை.

"நான் இல்ல மாமா" என்று அக்கா அழத் தொடங்கினாள்.

"அக்கா, நீயா சொன்ன?" என்று மாமா அம்மாவைக் கேட்டார்.

அம்மா திரும்பவில்லை. "எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு" என்றார். "வெளக்க அணைச்சிட்டுப் படு."

மாமா படுக்கவில்லை. ஜாகாவோடு, அதாவது இரவுக் காவலாளியோடு, பேசிக்கொண்டிருக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் விடிந்த பிறகுதான் திரும்பினார். நானும் அக்காவும் தம்பியை நடுவில் போட்டுக்கொண்டு போர்வைக்குள் கிடந்தோம். அம்மா மட்டும் அந்த இரவு நன்றாகத் தூங்கினார். அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, தொங்கிய அந்த ஒற்றைத் தொட்டிலை அம்மா கையால் லேசாக ஆட்டிவிட்டு வந்தார்.

அன்றே மாமா விதியைத் திருத்தினார். இனிமேல் லாபம் வேண்டாம், ஒன்று, இரண்டு, மூன்று என்றே எண்ணலாம், காலி இடம் வைத்தால் ஏதாவது வந்து உட்காரும் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"லாபம்னே இருக்கட்டும். அந்த எடத்த யாருக்கும் குடுக்க வேணாம்."

பிறகு யாரும் கேட்காமலே, "டிக்கெட்டுக்குச் சொல்லிரு. நாங்க போறோம்" என்றார்.

மாமாவுக்கு ஒரே குழப்பம். ஆனாலும் ஒத்திகை வெற்றி என்று லயத்தில் சொல்லிக்கொண்டார்.

இங்கிலாந்திலிருந்து நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, அம்மா இறந்தபோது லகாட் என்ற ஊரிலிருந்து வந்த பெரியம்மா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும். அக்காவுக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை. ஒரு வயது முடியவில்லை. அம்மா பால்வெட்டுக்குப் போன ஒரு காலையில் ஆயாக் கொட்டாயில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். லேசான சூடுதான் இருந்ததாம். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மரங்களுக்கு நடுவில் எங்கோ புதைத்தார்கள். பிறகு வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அப்போது பாகான் செராயில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மாமாவுக்கு, ஏதோ பிரசவத்திலேயே தவறிவிட்டது என்பதுபோல்தான் சொல்லியிருந்தார்கள். அம்மாவின் பயம் பிரசல்ஸும் இல்லை, இரவும் இல்லை. தலைப்பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு எப்படிக் கடல் தாண்டுவது என்பதுதான். அந்த இரவில் 'ஒன்று' என்று எண்ணப்பட்டதும், அவனும் கணக்கில் சேர்ந்துவிட்டான், கூடவே வந்துவிடுவான் என்று நம்பியிருக்கிறார். அதனால்தான் புறப்பட்டார்.

பேசத் தெரியாத கைக்குழந்தைக்காகத் தாய் தானே குரலை மாற்றிப் பதில் சொல்வது உலகத்தில் நடப்பதுதான். என் மகளும் அப்படித்தான் செய்தாள். ஆகவே அன்று இருட்டில் சொன்னது அம்மாதான் என்று நான் தீர்மானித்துவிட்டேன். அக்கா தீர்மானிக்கவில்லை. அவள் இப்போதும் ஈப்போவில்தான், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். போன வாரம்கூடக் கேட்டேன். "அம்மாவோட மொகத்துல என் கை இருந்துச்சு. இருட்டுல பயந்து தடவிக்கிட்டே கெடந்தேன். வாயே தொறக்கலடா" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

புறப்பட்ட நாளுக்கு வருகிறேன். வாடகைக் கார் ஆயாக் கொட்டாயைத் தாண்டும்போது அம்மா நிறுத்தச் சொன்னார். தம்பியும் அக்காவும் காரிலேயே இருந்தார்கள். நான் மட்டும் அம்மாவின் பின்னால் இறங்கிப் போனேன்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. உறவினர் வீட்டில் நாங்கள் இரவு தங்கி எழுந்தாலோ, எங்காவது பயந்து விழுந்தாலோ, அந்த இடத்தைவிட்டுக் கிளம்பும்போது திரும்பி நின்று "வா, போலாம்" என்று மூன்று முறை கூப்பிடுவார். நாங்கள் பக்கத்திலேயேதான் நிற்போம். இருந்தாலும் கூப்பிடுவார். பிள்ளையில் ஏதாவது கொஞ்சம் அங்கேயே தங்கிவிடக் கூடாதாம்.

அன்று கொட்டாயின் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். தொட்டில்கள் எல்லாம் நிறைந்து ஆடிக்கொண்டிருந்தன. கூப்பிடத்தான் வந்திருந்தார். வாயைத் திறந்ததும் ஆயாம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்புடாதடி."

"விடுங்க."

"பச்சப்புள்ளடி அது. அவ்ளோ தூரம் எப்படி வரும்? நடுவுல கடல் கெடக்கு. வழியில விட்டுட்டன்னா எங்கயும் இல்லாம போயிரும். இங்கயே இருக்கட்டும். தெனம் நான் பாத்துக்கிறேன்ல?"

அம்மா வெகுநேரம் நின்றார். கார்க்காரர் ஹாரன் அடித்தார். அம்மா கூப்பிடவில்லை. திரும்பி வந்து காரில் ஏறினார். நான் கேட்டதெல்லாம் எனக்குப் புரிந்ததாகவே நினைத்தேன். கொட்டாயில் ஒரு குட்டிப் பேய் இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் நம்மோடு தொற்றிக்கொண்டு வந்துவிடும், நல்லவேளையாக ஆயாம்மா தடுத்துவிட்டார். அக்காவின் காதிலும் இதையே சொன்னேன்.

பிரசல்ஸ் விமான நிலையம், மாமா சொன்னது போலவே இருந்தது, கொஞ்சம் பெரிதாக. அவருக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்று, குளிர். கண்ணாடிச் சுவருக்கு வெளியே பனிமூட்டம் வந்து முட்டிக்கொண்டு நின்றது. எங்களோடு இறங்கியவர்கள் ஒவ்வொருவராக யாராவது வந்து அழைத்துப்போகக் கரைந்துபோனார்கள். அம்மா நாற்காலிகளுக்கு நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பெட்டியையும் மூட்டைகளையும் வளைத்து வைத்தார். முந்தானையின் முனைகள் எங்கள் கைகளுக்கு வந்தன. சீருடை போட்ட ஒரு பெரியவர் வந்து நின்று ஏதோ கேட்டார். அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினார். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போய், திரும்பி வந்தபோது இரண்டு கம்பளிப் போர்வைகளைக் கொடுத்தார்.

பிறகு கூடத்தின் விளக்குகளில் பாதியை அணைத்தார்கள். எங்கோ தரை துடைக்கும் இயந்திரத்தின் உறுமல் தேய்ந்து நின்றது. வாடை எதுவும் இல்லை. கூரையில் எதுவும் விழவில்லை. எதிரே இருண்ட கண்ணாடியில் எங்கள் உருவங்கள் தெரிந்தன. எண்ணினேன். நான்கு. மறுபடி எண்ணினேன். நான்குதான்.

"எண்ணுங்க" என்றார் அம்மா மெதுவாக.

"லாபம்" என்றாள் அக்கா.

நான் உடனே என் எண்ணைச் சொல்லவில்லை. காத்திருந்தேன். அக்காவும் காத்திருந்தாள். அம்மா லேசாக முன்னால் குனிந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் விடப்பட்டிருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதுவும் வரவில்லை.

"ரெண்டு" என்றேன். "மூணு" என்றான் தம்பி.

"இன்னொரு தடவ."

லாபம். காத்திருந்தோம். ரெண்டு. மூணு.

"இன்னொரு தடவ எண்ணுங்கடா."

மூன்றாம் தடவையும் எண்ணினோம். லாபத்துக்கும் ரெண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தில் அந்தப் பெரிய கூடத்தின் அமைதி மட்டும் இருந்தது. அம்மாவின் உதடுகள் நடுங்குவதைப் பார்த்தேன். பாவம், என்னைப் போலவே அம்மாவும் இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்திருக்கிறார் என்று தோன்றியது. வீட்டில் பெரிய ஆண்பிள்ளை நான்தான். தைரியம் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்துபோய் அம்மாவின் காதருகே சொன்னேன்.

"பயப்படாதம்மா. அது வரல. அங்கயே நின்னுருச்சு."

அம்மா என்னை இழுத்து மூச்சு முட்டும்படி கட்டிக்கொண்டார். அவர் உடம்பு முழுவதும் குலுங்கியது. குளிர் என்று நினைத்துப் போர்வையை அவர் தோளுக்கு ஏற்றிவிட்டேன். என் பேச்சில் அம்மாவுக்குப் பயம் தெளிந்துவிட்டது என்ற பெருமையோடு, அந்த மடியிலேயே விடியும்வரை நிம்மதியாகத் தூங்கினேன்.